உன் உம்மாவின் இரத்தம் சொன்னது

மகனே, உனக்கும் புதிதாக நம் வீட்டுக்கு வரப்போகிற மருமகளுக்கும் என் ஸலாம். ஊரிலிருந்து நீ போட்ட கடிதம் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கிளம்புகிற நேரத்தில் கைக்கு வந்தது. நிக்காஹ் நல்லபடி முடிந்தது என்ற வரியை மட்டும் படித்துவிட்டு, கடையில் துணி எடுக்க வந்திருந்தவர்களுக்கெல்லாம் பேரீச்சம்பழம் கொடுத்தேன். முழங்கால் வீக்கத்தால் கப்பல் ஏற முடியாமல் போன வருத்தம்கூட அப்போது தெரியவில்லை. தொழுதுவிட்டு வந்துதான் மற்றப் பக்கங்களைப் படித்தேன். இங்கே சாஆ ஊரில் நீ வாடகைக்கு எடுத்திருக்கும் கடையின் மேல்மாடி சன்னல்களைப் பலகை வைத்து அடைக்கச் சொல்லி சீன ஆசாரிக்கு ஆள் அனுப்பியிருப்பதாக எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, "உம்மாவை நீங்க எப்படிக் கண்ணியமா வச்சிருந்தீங்களோ, அப்படியே நானும் இவங்கள வச்சிருப்பேன் வாப்பா" என்று ஒரு வரி. எனக்குச் சந்தோஷம் தரும் என்று நினைத்துத்தான் நீ அதை எழுதியிருப்பாய். நான் அன்று மாலைவரை கல்லாவில் உட்கார்ந்து அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். உன்னிடம் ஆறு வருஷமாக ஒன்றை மறைத்திருக்கிறேன். நீயும் உன் மனைவியும் கப்பல் ஏறுவதற்குள் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும் என்று துஆ கேட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

உன் உம்மா பிரசவத்தில் மவுத்தானாள் என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் முழுவதும் அதுவல்ல.

நம் ஊர் வீட்டை இப்போது நீயே பார்த்துவிட்டாய். நடுமுற்றத்தில் நின்று அண்ணாந்தால் வானம். பின்வாசல் வழியாகப் போனால் பெண்கள் மட்டும் நடக்கிற சந்து. வெளி ஆண்கள் கண்ணில் படாமலே உன் உம்மா அங்கே நெல் காயவைத்தாள், தலை உலர்த்தினாள், நாலு வீடு தள்ளியிருந்த தன் கூடப்பிறந்த லாத்தா வீட்டுக்கு நாளைக்கு இரண்டு தடவை போய்வந்தாள். அவளுக்கு மைமூன் என்ற பெயருக்கு முன்னால் "ஓட்டக்காரி" என்று ஒரு பட்டம் உண்டு. சின்ன வயதில் சந்துக்குள் அவளை யாரும் ஓடிப் பிடித்ததில்லையாம். நீ நாலு வயதுப் பிள்ளையாக இருந்தபோது உங்கள் இருவரையும் ஜொகூர் பாருவுக்கு அழைத்துவந்தேன். அக்கரையில் சிங்கப்பூருக்குப் பாலம் போட்டு அதிக நாள் ஆகவில்லை. துணிக்கடை கீழே, குடியிருப்பு மேலே. மாடியின் முன்சன்னல்களுக்கு நேர் எதிரே ஒரு காப்பிக் கடை. காலையிலிருந்து ஆண்கள் உட்கார்ந்துகொண்டே இருப்பார்கள். வந்த இரண்டாம் நாளே அந்தச் சன்னல்களைப் பலகை அடித்து மூடினேன். மாடியின் நடுவில், காற்றுக்காகவும் மழைத் தண்ணீர் இறங்கவும், கூரையில்லாமல் ஒரு சதுரம் விட்டிருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரன் தன் மொட்டைமாடியில் ஏறினால் அதன் வழியாக நம் அடுப்படி தெரியும். அதற்கும் தகரம் போட்டேன்.

தகரம் போட்ட அன்று அவள் என்னிடம் கேட்ட ஒன்றே ஒன்றை இப்போது சொல்கிறேன். "சன்னல அடைங்க, நான் ஒண்ணும் சொல்லல. இந்த மேல இருக்குற ஓட்டைய மட்டும் விட்டுடுங்களேன். அதுக்குக் கீழ ஒரு துணியக் கட்டிக்கிட்டு நான் ஒதுங்கி நின்னுக்கிறேன்" என்றாள். "நம்ம வீட்டுப் பொம்பளைங்க நிழலக்கூட யாரும் பாத்ததில்லை" என்று நான் பதில் சொன்னேன். அது உண்மையல்ல என்பது எனக்கே தெரியும். என் உம்மா பட்டப்பகலில் முற்றத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்தவள். ஆனால் இங்கே, இந்த ஊரில், எனக்கு அப்படி ஒரு பெயர் தேவைப்பட்டது. புதிதாக வந்த வியாபாரி நான். பள்ளிவாசலில் பெரிய மனிதர்கள், "அவர் வீட்டு அம்மா இருக்காங்களா இல்லையான்னே தெரியாது, அப்படி ஒரு ஒழுக்கம்" என்று பேசிக்கொள்வதைக் கேட்டபோது நெஞ்சு நிறைந்தது. மார்க்கம் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நம் தெருவுக்குப் பின்னாலிருந்த கம்பத்தில், அந்தச் சின்னக் கிராமத்தில், மலாய்ப் பெண்கள் அதே அல்லாஹ்வைத் தொழுதுகொண்டு, தலையில் துணி போட்டுக்கொண்டு, வெயிலில் துணி உலர்த்தினார்கள், கோழிக்குத் தீனி போட்டார்கள். அது என் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. நான் தகரம் போட்டது என் பெருமைக்கு, மகனே. அதற்கு மார்க்கத்தின் பெயரை வைத்துக்கொண்டேன்.

அடுத்த எட்டு ஒன்பது வருஷத்தில் அவள் மூன்று தடவை உண்டானாள். முதலிரண்டும் தங்கவில்லை என்பது உனக்குத் தெரியும். இரண்டாவது போனபிறகு அவளுக்கு இடுப்பு வலி ஆரம்பித்தது. முதலில் முதுகு, பிறகு இடுப்பு, பிறகு தொடை. படுக்கையில் புரளும்போது கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்புவாள். வாதம் என்று நானே முடிவு செய்து நாட்டு எண்ணெய் வாங்கிக் கொடுத்தேன். அது கேட்கவில்லை. ஓதிப் பார்க்கிற தங்கள் ஒருவரிடம் நூல் ஓதி வாங்கிக் கட்டினேன். ஆண் டாக்டரிடம் காட்ட எனக்கு மனமில்லை. அவள் நடை மாறியது. கால்களை அகட்டி, ஒரு பக்கமாகவும் மறுபக்கமாகவும் சாய்ந்து சாய்ந்து நடப்பாள். உனக்கு அப்போது ஏழு வயதிருக்கும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு வர, நீ அவளுக்குப் பின்னால் அதேபோல் சாய்ந்து சாய்ந்து நடந்து காட்டினாய். நான் சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். அவளும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சட்டியை வைத்துவிட்டு உட்கார முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீ குழந்தை. உனக்கு அந்த நாள் நினைவிருந்தால் அதை இன்றோடு விட்டுவிடு. அது உன் கணக்கில் இல்லை, என் கணக்கில் இருக்கிறது.

அதைவிடவும் மோசமாக நான் பேசியிருக்கிறேன். மாடிப்படி ஏற அவளுக்கு அவ்வளவு நேரமாவதைப் பார்த்து, "உக்காந்து உக்காந்து சோம்பேறியாயிட்டே" என்றேன். அவள், "இருக்கலாங்க. உடம்பு மாவு மாதிரி இருக்கு" என்றாள். மாவு மாதிரி என்று அவள் சொன்ன வார்த்தையை நான் அன்றைக்கே காதில் வாங்கியிருக்க வேண்டும். எந்த டாக்டரும் சொல்வதற்கு முன்னால் அவள் தன் நோயின் பெயரையே சொல்லிவிட்டாள்.

மூன்றாவது தடவை உண்டாகி மூன்று மாதம். ஒரு நண்பகலில் சோறு தீய்கிற வாசனை கடைவரை வந்தது. கோபத்தோடு மேலே போனேன். அடுப்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர், ஆனால் அழவில்லை. "எந்திரிக்க முடியலைங்க. விழல, ஒண்ணும் இல்ல. குனிஞ்சேன், தொடையில எதோ விட்டுப் போச்சு" என்றாள். நான் பயந்துபோய், கம்பத்தில் பிள்ளைப்பேறு பார்க்கிற மலாய்க்கார அம்மாவை அழைத்துவந்தேன். உனக்கு நினைவிருக்கும், மருத்துவச்சியைப் பீடான் என்பார்கள், எல்லோரும் அவரை மக் பீடான் என்றே கூப்பிடுவோம். அவர் உன் உம்மாவின் காலை மடியில் வைத்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் பெருவிரலால் ஒரு தடவை அழுத்தினார். உன் உம்மா வாழ்நாளில் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். மக் பீடான் எழுந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, இனி புக்கான் கெர்ஜா சாயா" என்றார். இது என் வேலையல்ல என்று அர்த்தம். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவள் இப்படி வாத்து மாதிரி நடப்பது எத்தனை வருஷமாக என்று கேட்டார்.

ஜொகூர் பாருவில் அப்போது ஒரு டாக்டரம்மா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் பார்ப்பார். திரை போட்ட ரிக்ஷாவில் உன் உம்மாவைக் கொண்டுபோனேன். அவர் முதலில் உன் உம்மாவின் கையை எடுத்து, தன் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நல்ல மாநிறமாக இருந்தவள், நனைந்த காகிதம் மாதிரி வெளுத்திருந்தாள். நான் தினமும் பார்த்த கைதான், அன்றைக்குத்தான் எனக்கு அது தெரிந்தது. டாக்டரம்மா என்னைக் கேட்காமல் அவளையே கேட்டார்.

"அம்மா, கடைசியா வெயிலிலை எப்ப நிண்டனீங்கள்?"

உன் உம்மா யோசித்தாள். விரலை மடக்கி எண்ணுகிற மாதிரி நெடுநேரம் யோசித்தாள். பிறகு, "கப்பல்ல" என்றாள்.

டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. நான்தான் விளக்கினேன். ஊரிலிருந்து வந்த கப்பல், ஒன்பது வருஷத்துக்கு முன்னால். அவர் என்னை ஒன்றும் திட்டவில்லை. பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று உன் உம்மாவின் கையிலிருந்து இரத்தம் எடுத்து, பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு அனுப்பினார். அது அப்போது புதிதாக வந்த சோதனை. லண்டனில் படித்துத் திரும்பிய ஒருவர்தான் அக்கரையில் அதைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தாராம். பத்து நாள் கழித்து பதில் வந்தது. இரத்தத்தில் பாஸ்பட்டேஸ் என்ற ஒன்று இருக்க வேண்டிய அளவைவிடப் பல மடங்கு கூடியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. அந்தப் பெயரை நான் கடைச் சீட்டொன்றில் எழுதி வாங்கிக்கொண்டேன். அது விஷமா என்று கேட்டேன். "விஷம் இல்லை. எல்லாற்றை இரத்தத்திலையும் இருக்கு. உடம்புக்கை ஒரு வேலையைச் செய்து குடுக்கிற பொருள். அது கூடினால் எங்கையோ ஏதோ நடக்குது எண்டு அர்த்தம். எங்கை எண்டதை நாங்கள்தான் தேட வேணும்" என்றார். பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொன்னார். ஈரலிலிருந்து பித்தம் இறங்குகிற வழி அடைத்தால் இது கூடும். ஆனால் அப்படியென்றால் கண் மஞ்சளாகியிருக்கும், இவளுக்கு அது இல்லை. வயிற்றில் பிள்ளை இருந்தால் கடைசி மாதங்களில் ஓரளவு கூடும். இவளுக்கு இப்போதுதான் மூன்று மாதம், அதுவும் இவ்வளவு கூடாது. மிச்சமிருப்பது எலும்பு. எலும்பைக் கட்டுகிற இடங்களில்தான் இந்தப் பொருள் அதிகம் உண்டாகிறதாம்.

எனக்கு விளங்கவில்லை. எலும்பு கட்டுகிற பொருள் கூடியிருந்தால் எலும்பு பலமாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் தெருவில் கட்டிக்கொண்டிருந்த ஒரு கடையைச் சன்னல் வழியாகக் காட்டினார். "உங்கை பாருங்கோ. கொத்தனார்மார் வந்திட்டினம், கையிலை கரண்டியோடை நிக்கினம். சுண்ணாம்பு வரேல்லை. வரேல்லை எண்டு இன்னும் நாலு பேரைக் கூப்பிடுகினம். ஆள் கூடக் கூட என்ன, சுவர் எழும்புமோ?" என்றார். வெயில் மேலே பட்டால்தான், சாப்பாட்டிலுள்ள சுண்ணாம்பை உடம்பு எடுத்து எலும்பில் சேர்க்கும். வெயில் இல்லை. வயிற்றில் வந்த ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு வேண்டியதை அவள் எலும்பிலிருந்தே எடுத்துக்கொண்டது. இத்தனை வருஷமாக அவள் உடம்பு தன்னைத்தானே கட்டிக்கொள்ளப் போராடியிருக்கிறது. பிறகு அவர் சொன்ன ஒன்றை மறக்க முடியவில்லை. உன் வயதைக் கேட்டுவிட்டு, "உங்கடை மகன்ரை இரத்தத்தைச் சோதிச்சாலும் இது கூடத்தான் இருக்கும். அவர் வளருகிறார்" என்றார். உனக்கு அப்போது பதின்மூன்று வயது. மாதத்துக்கு ஒரு விரல் வளர்ந்துகொண்டிருந்தாய். ஒரே வீட்டில், ஒரே பொருள், உன்னை உயர்த்தியது, அவளைக் காட்டிக்கொடுத்தது. எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்தபோது தொடை எலும்பில் வெடிப்பும், இடுப்பெலும்பு இருபுறமும் உள்ளே நெரிந்திருப்பதும் தெரிந்தது. எலும்பு மாவாய் இளகிப்போகிற நோய் என்றே அதற்குப் பெயராம்.

தினமும் மீன் எண்ணெய், பால், முட்டை, வெயில். மருந்து இவ்வளவுதான் என்றார். கேட்டதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. உலகத்தில் காசில்லாமல் கிடைக்கிற ஒன்றை அவளுக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். அதைக்கூட நான் ஒழுங்காகக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். பலகையை எடுத்தால் காப்பிக் கடை. தகரத்தை எடுத்தால் பக்கத்து மாடி. வருஷக்கணக்கில் சம்பாதித்த பெயர். ஆகவே கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தேன். சன்னல் பலகைகளை எடுத்துவிட்டு, வெளிச்சம் வரும், உருவம் தெரியாது என்கிற மாதிரி தடித்த பால்கண்ணாடி வாங்கிப் பொருத்தினேன். அறை முழுவதும் வெள்ளை வெளிச்சம். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து, "உம்மா, வீடு மாறிப்போச்சு" என்றாய். உன் உம்மா கண்ணாடிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு ஒவ்வொரு காலையும் உட்கார்ந்தாள். நானும் கீழே நிம்மதியாக வியாபாரம் பார்த்தேன். மீன் எண்ணெய் மசக்கை வயிற்றில் நிற்காமல் வாந்தியாகப் போனது. இரண்டு மாதம் இப்படிப் போனது. வலி ஒரு துளி குறையவில்லை. டாக்டரம்மா விவரம் கேட்டார், கண்ணாடியைப் பற்றிச் சொன்னேன். "ஐயா, கண்ணாடி வெளிச்சத்தைத்தான் விடும். எலும்புக்குத் தேவையானதை அது வெளியிலையே நிப்பாட்டிப் போடும். வெயில் தோலிலை படவேணும். இரண்டு மாசம் போட்டுது" என்றார்.

திரும்பி வரும்போது ரிக்ஷாவில் நான் மன்னிப்புக் கேட்டேன். கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அவள், "நீங்க வேணும்னா செஞ்சீங்க? எனக்கும் தெரியாதே" என்றாள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. டாக்டரம்மா சொன்னதை நான் முழுதாகக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்டு வந்த வார்த்தைகளில் என் பெயருக்குப் பங்கம் வராததை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அதன்பிறகு மக் பீடானிடம் போய் நின்றேன். அவர் வீட்டுக்குப் பின்னால் வாழைகளும் மூங்கில் வேலியுமாக ஒரு கொல்லை உண்டு. ஆண்கள் வர மாட்டார்கள். தினமும் காலையில் உன் உம்மாவை ரிக்ஷாவில் அங்கே கொண்டுபோய் விட்டேன். விடுமுறை நாட்களில் நீயும் கூடப் போவாய். அங்கே கிடைக்கிற பலகாரத்துக்காகப் போகிறோம் என்று நினைத்திருப்பாய். உன் உம்மா சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, காலை நீட்டி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருவாள். முதல் நாள் அவளுக்குக் கண் கூசி நீர் கொட்டியதாம். ஒரு வாரத்தில் அந்த வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து தேங்காய் துருவ ஆரம்பித்தாள். அரைகுறை மலாயில் கதை பேசுவாள். ஒருநாள் நான் கூட்டிவரப் போய் வேலிக்கு வெளியே நின்றபோது உள்ளே அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஊர் முற்றத்தில் கேட்ட அதே சிரிப்பு. கூப்பிடாமல் அங்கேயே நின்றேன். இரண்டு மாதத்தில் கையில் நிறம் வந்தது. கட்டிலில் சட்டத்தைப் பிடிக்காமல் புரண்டு படுத்தாள். "இன்னைக்கு மாடிப்படி ஏறுறப்ப நடுவுல நிக்கலைங்க" என்று ஒரு நாள் சொன்னாள். பிள்ளை மாதிரி பெருமையோடு சொன்னாள்.

ஆனால் நெரிந்துபோன இடுப்பெலும்பு பழைய வடிவத்துக்குத் திரும்பாது. பிள்ளை அந்த வழியே வர இடமில்லை என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். எட்டாம் மாதம் அக்கரையில் ஒரு ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கீறி எடுத்தார்கள். போவதற்கு முந்தின வாரம்தான் மறுபடி ஒரு தடவை சோதனைக்கு இரத்தம் எடுத்தார்கள். பெண் பிள்ளை. உன்னைக் கூட்டிப்போய்க் காட்டினேன், நினைவிருக்கும். இரண்டாம் நாள் பிள்ளைக்கு வலிப்பு கண்டது, நிற்காமலே பிள்ளை போய்விட்டது. உன் உம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்பது நாள் இருந்தாள். அந்த நாட்களில் அவள் என்னிடம் கேட்டது இரண்டு கேள்விதான். பிள்ளைக்கு என்ன பெயர் வைத்து அடக்கினீர்கள் என்று ஒன்று. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று இன்னொன்று. என்மேல் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் போனதால் நான் மன்னிக்கப்பட்டேன் என்று நினைத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

இதைத்தான் நீ கண்ணியம் என்று எழுதியிருக்கிறாய், மகனே. நான் ஒழுக்கமாக வாழ்ந்தவன் என்று நீ வெளியில் கேட்டு வளர்ந்தாய். மறுத்துச் சொல்லாமல் இருந்தது என் கோழைத்தனம். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, உனக்குக் கிடைத்த ஒரே மாதிரி நான்தான். உன் மனைவியைப் பர்தாவை விடச் சொல்லி நான் எழுதவில்லை. அது அவளும் நீயும் அவளைப் படைத்தவனும் பேசிக்கொள்ள வேண்டியது. அவளுக்கு மேலே வானம் வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். அவள் முதுகு வலிக்கிறது என்று சொன்னால், அன்றைக்கே நம்பு. காரணம் உனக்குத் தெரிகிறவரை காத்திருக்காதே. நோய்க்குப் பெயர் சொல்லத் தெரியாதவர்களுக்குத்தான் அதிகம் வலிக்கிறது. டாக்டர் ஆணா பெண்ணா என்று பார்த்து நாளைக் கடத்தாதே. டாக்டர் சொன்னதில் உனக்குச் சுலபமானதை மட்டும் எடுத்துக்கொள்ளாதே. அவள் ஏதாவது ஒன்று கேட்டால், அது சின்னதாகத் தெரிந்தாலும், எதற்காகக் கேட்கிறாள் என்று திருப்பிக் கேள். நான் கேட்கவில்லை.

நீ கோபித்துக்கொள்வாய் என்று தெரிந்தே ஒரு காரியம் செய்துவிட்டேன். உன் கடிதம் வந்த நாலாம் நாள் பஸ் ஏறி சாஆவுக்குப் போனேன். ரப்பர் தோட்டங்களைத் தாண்டி அவ்வளவு தூரம், முழங்கால் இரண்டும் வீங்கிப் போனது. ஆசாரி முதல் சன்னலுக்குப் பலகை அளந்துகொண்டிருந்தார். வேலையை நிறுத்தச் சொன்னேன். "தவ்கே, சின்ன முதலாளி சொன்னாரே" என்றார். சின்னவரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். கடைக்குப் பின்னால் புல் மண்டிக் கிடந்த இடத்தைச் சுத்தம் செய்யச் சொல்லி, ஆள் உயரத்துக்குமேல் அத்தாப்பு ஓலை வேலி போட்டிருக்கிறேன். மேலே ஒன்றும் போடவில்லை. உட்கார ஒரு வாங்கு, துணி உலர்த்த ஒரு கயிறு. பக்கத்து வீட்டில் ஒரு தோட்டத்துக் கங்காணியின் மனைவி இருக்கிறார், வேலியில் ஒரு சின்னக் கதவு வைக்கச் சொல்லிக் கேட்டார். வைத்துவிட்டேன். உன் மனைவி வந்து பார்த்து, வேண்டாம் என்றால் அவள் அடைத்துக்கொள்ளட்டும். நீ அடைக்காதே.

கடைசியாக ஒன்று. இதை உன்னிடம் மட்டுமல்ல, யாரிடமும் நான் சொன்னதில்லை. உன் உம்மாவை அடக்கி ஐந்தாம் நாள், அக்கரையிலிருந்து ஒரு உறை வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் எடுத்த இரத்தத்தின் பதில் அது. எப்படியோ தாமதமாகி இப்போதுதான் வந்திருக்கிறது. அவர் படித்துவிட்டு, தாளை மேசைமேல் வைத்து, கையால் தடவித் தடவி நேராக்கிக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன்.

"குறைஞ்சிருக்கு" என்றார். "நல்லாக் குறைஞ்சிருக்கு. எலும்பு கட்டத் தொடங்கியிட்டுது."

எனக்கு அந்த வார்த்தை விளங்கியது. மாடிப்படி ஏறும்போது நடுவில் நிற்கவில்லை என்று அவள் சொன்னது மெய்தான். சட்டென்று எழுந்தேன். குடையைக்கூட எடுக்காமல் வாசல்வரை போனேன். "எங்கை ஐயா போறியள்?" என்று டாக்டரம்மா பின்னாலிருந்து கேட்டார். மைமூனிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன்.

உன் வாப்பா